ஒரு செய்தியும் ஒன்பது குழுக்களும்

டம்... டம்... டம்...

மேலூருக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்தில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மாதம் ஒருமுறையேனும் இந்த ஓசை கேட்கும். தண்டோரா போடும் பெரியவர் வருகிறார் என்று பொருள். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாள், கண்மாயில் மீன் பிடிக்கும் நாள், தடுப்பூசி போட ஆட்கள் வரும் நாள் எல்லாம் அந்த ஓசையோடுதான் ஊருக்குத் தெரியவரும்.

ஊரில் நூற்றைம்பது வீடுகள் இருந்தன. ஆனால் அவர் நின்று முழங்கியதோ நான்கே இடங்களில்தான். சாவடி, ஊருணிக் கரை, வடக்குத் தெரு முனை, பள்ளிக்கூடத்து வேப்பமரம். ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "தாத்தா, எங்க வீட்டு வாசல்ல வந்து ஏன் அடிக்க மாட்டேங்கிறீங்க?"

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சாவடியில அடிச்சா உங்க வீட்டுக்கும் கேக்கும்ல, தம்பி? கேட்ட காதுக்கே மறுபடி மறுபடி அடிச்சா, அப்புறம் வெள்ளம் வருதுன்னு அடிச்சாலும் ஒருத்தரும் வெளியே எட்டிப் பார்க்க மாட்டாங்க."

அறிவிப்பின் முடிவில் தவறாமல் ஒரு வரி சேர்ப்பார். விவரம் வேண்டுவோர் சாவடிக்கு வரவேண்டும் என்பதே அந்த வரி.

அந்தப் பெரியவர் கடைப்பிடித்த முறையை, கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் ஒருநாள் மறந்துபோனேன். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இரத்த வேண்டுகோள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், அப்பாவுக்கு இன்னைக்கு சாயங்காலம் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் ரெண்டு யூனிட் வேணும்" என்றார். குரல் நடுங்கியது. ஓ நெகட்டிவ் நம் நாட்டில் அரிதான இரத்த வகைகளில் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் உடனே கைப்பேசியை எடுத்தேன். "அவசரம். இன்று மாலைக்குள் ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை. மதுரை. உடனே தொடர்பு கொள்ளவும்" என்று எழுதி, அவருடைய எண்ணையும் சேர்த்தேன். எனக்கு இருந்த வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்பதுக்கு அதை அனுப்பினேன். துறை ஆசிரியர்கள், கல்லூரி ஆசிரியர்கள், பழைய மாணவர்களின் மூன்று ஆண்டுக் குழுக்கள், தெருக் குடியிருப்போர், காலை நடைப்பயிற்சி நண்பர்கள், பள்ளித் தோழர்கள், உறவினர்கள். ஒரு நிமிட வேலை. நல்ல காரியம் செய்த நிறைவோடு வகுப்புக்குச் சென்றேன்.

பதினொரு மணிக்குள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மாணவர் எனக்கு நன்றி சொன்னார். நானும் அந்த நன்றியை ஒரே ஒரு குழுவில் மட்டும் தெரிவித்தேன். மற்ற எட்டுக் குழுக்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போன பிரதிகளை எனக்கே தெரியாது.

மாலை ஆறு மணிக்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் ஓர் இளைஞர் மருத்துவமனைக்கு வந்து நின்றார். தேவை முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரவு முழுவதும் மாணவரின் தொலைபேசி ஒலித்தது. மறுநாளும் ஒலித்தது. மூன்று வாரங்கள் சென்ற பின்னும் ஒலித்தது. ஏனெனில் "இன்று" என்று எழுதிய நான் தேதியை எழுதவில்லை. தேதி இல்லாத "இன்று" ஒவ்வொரு நாளும் புதிதாகவே பிறக்கும். அது ஆதிப்புள்ளி குறிக்காத வரைபடம் போன்றது.

இது தொல்லை மட்டுமே என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதங்களுக்குப் பிறகு, எங்கள் தெருவிலேயே ஓர் அம்மையாருக்கு அதே வகை இரத்தம் தேவைப்பட்டது. அவருடைய மகன் தெருக் குழுவில் செய்தி இட்டார். "இது பழைய மெசேஜ், நம்ப வேண்டாம்" என்று ஒருவர் எழுதினார். நாலைந்து பேர் அதை ஆமோதித்தார்கள். நான்கு மணி நேரம் எவரும் அசையவில்லை. அறுவை சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்கு என்னுடைய ஒரு நிமிடமும் காரணம் என்பதை நான் மறுக்க முடியாது.

நல்ல எண்ணத்தோடு அனுப்பிய செய்தி எங்கே தவறியது? ஒரே செய்தியைப் பல குழுக்களுக்கு அனுப்புவதற்கு ஏதேனும் ஒழுங்குமுறை உண்டா?

முதலில் ஒரு கணக்கு

ஒன்பது குழுக்களில், குழுவுக்கு 200 பேர் என்று கொள்வோம். மொத்தம் 1,800 திரைகளில் செய்தி தோன்றுகிறது. ஒருவர் அதைப் படித்து, தமக்குப் பொருந்துமா என்று எண்ண 20 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 1,800 × 20 = 36,000 வினாடி, அதாவது 10 மணி நேரம். நான் செலவிட்டது ஒரு நிமிடம். பிறர் செலவிட்டது 600 நிமிடம்!

அவசரத் தேவைக்கு 10 மணி நேரம் பெரிதல்ல என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த 1,800 பேரும் வெவ்வேறு ஆட்களா? இல்லை. என் துறை நண்பர் ஒருவர் துறைக் குழுவிலும் இருக்கிறார், கல்லூரிக் குழுவிலும் இருக்கிறார், நடைப்பயிற்சிக் குழுவிலும் இருக்கிறார். அவருக்கு அதே செய்தி மூன்று முறை. முதல் முறை படித்தார். இரண்டாம் முறை தள்ளினார். மூன்றாம் முறை எரிச்சலடைந்தார். அடுத்த முறை என் பெயரைப் பார்த்தாலே படிக்காமல் தள்ளக்கூடும். தண்டோராப் பெரியவர் சொன்னதும் இதைத்தானே!

அனுப்புபவருக்குச் செலவே இல்லாத ஒன்றுக்குப் பெறுபவர் விலை கொடுக்கிறார். அஞ்சலட்டைக் காலத்தில் ஒன்பது பேருக்கு எழுத ஒன்பது அட்டைகளும் கை வலியும் வேண்டும். ஆகவே யாருக்கு எழுதுவது என்று யோசித்தே எழுதினார்கள். இன்று அந்தத் தடை நீங்கிவிட்டது. தடை நீங்கிய இடத்தில் ஒழுங்கு வேண்டும்.

ஒரு புத்தகம், மூன்று அட்டைகள்

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததன்று. வாட்ஸ்அப் தோன்றுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே கணினி வல்லுநர்கள் இதைச் சந்தித்தார்கள்.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவர் ஒரு திட்டம் தீட்டினார்கள். பல கல்லூரிகளின் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றையொன்று அழைத்து, செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது அத்திட்டம். 1980இல் இது செயலுக்கு வந்தது. யூஸ்நெட் என்று பெயர். இயற்பியலுக்கு ஒரு குழு, கணிதத்துக்கு ஒரு குழு, சமையலுக்கு ஒரு குழு என ஆயிரக்கணக்கான குழுக்கள் அதில் வளர்ந்தன. பின்னாளில் தமிழ்ப் பண்பாட்டுக்கும் ஒரு குழு ஏற்பட்டது.

இதில் தலைமைக் கணினி என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் தனக்கு வந்த செய்தியை அடுத்த கணினிகளுக்குக் கொடுக்கும். அவ்வாறானால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து கணினியை நிரப்பிவிடாதா? இதற்கு அவர்கள் எளிய உபாயம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் வேறெந்தச் செய்திக்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. ஒரு கணினி, தன்னிடம் ஏற்கெனவே உள்ள எண்ணைக் கண்டால், "இது என்னிடம் இருக்கிறது" என்று மறுத்துவிடும்.

இப்போது ஒருவர் ஓர் ஐயத்தை இயற்பியல் குழுவிலும் வானியல் குழுவிலும் கேட்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, இரண்டு குழுக்களுக்கும் தனித்தனியே இரண்டு செய்திகள் எழுதுவது. இரண்டுக்கும் வேறு வேறு அடையாள எண் கிடைக்கும். கணினிக்கு அவை இரண்டு செய்திகள். இரு குழுவிலும் உள்ளவர் இருமுறை படிக்க வேண்டும்.

இரண்டாம் வழி, ஒரே செய்தியின் தலைப்பகுதியில் இரண்டு குழுக்களின் பெயரையும் எழுதுவது. செய்தி ஒன்றே, அடையாள எண்ணும் ஒன்றே. இரு குழுவிலும் அது தெரியும். ஆனால் ஒரு குழுவில் படித்துவிட்டால், மற்றக் குழுவுக்குள் நுழையும்போது "படித்தாயிற்று" என்று கணினி குறித்து வைத்திருக்கும். மீண்டும் காட்டாது.

பழைய நூலகங்களில் அட்டைப் பெட்டி இருந்தது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகம் ஒன்றுதான். ஆனால் ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை. எந்த வழியாகத் தேடினாலும் அதே அலமாரியில் அதே புத்தகத்தின் முன் வந்து நிற்பீர்கள். இரண்டாம் வழி இதைப் போன்றது. முதல் வழியோ ஒரே புத்தகத்தின் மூன்று பிரதிகளை வாங்கி மூன்று அலமாரிகளில் வைப்பதைப் போன்றது.

1994 ஏப்ரல் 12

இந்த வேறுபாட்டை உலகமே உணர்ந்த நாள் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர் இருந்தனர். அமெரிக்காவில் குடியேற "கிரீன் கார்டு" குலுக்கலுக்கு விண்ணப்பிக்கத் தாங்கள் உதவுவதாக ஒரு விளம்பரத்தை அவர்கள் 1994 ஏப்ரல் 12 அன்று யூஸ்நெட்டில் வெளியிட்டனர். எத்தனை குழுக்களில்? 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில்! அதுவும் தனித்தனிச் செய்திகளாக!

இயற்பியல் குழுவில் அந்த விளம்பரம். சமையல் குழுவில் அதே விளம்பரம். ஒருவர் பத்துக் குழுக்களைப் படிப்பவரானால் பத்து முறை அதே விளம்பரம். கொதித்தெழுந்த வாசகர்கள் கண்டனக் கடிதங்களை அனுப்பித் தள்ளினார்கள். அத்தம்பதியருக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினி அந்தப் பாரம் தாங்காமல் பலமுறை நின்றுபோனது. கேளாமலே வந்து குவியும் இத்தகைய செய்திகளுக்கு "ஸ்பாம்" என்ற பெயர் பரவலாக நிலைத்ததில் இந்நிகழ்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

வர்க்கமூலம் சொல்லும் நியாயம்

இதன் பிறகு ஒரு கேள்வி எழுந்தது. எத்தனை குழுக்களுக்கு அனுப்பினால் "மிதமிஞ்சியது" எனலாம்? ஐந்தா? ஐம்பதா? சேத் பிரைட்பார்ட் என்பவர் பெயரால் வழங்கும் அளவுகோல் இதற்கு விடை தந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதும்.

ஒவ்வொரு தனிச் செய்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் எத்தனை குழுக்களின் பெயர் உள்ளது என்று எண்ணுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தைக் காணுங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். 45 நாட்களுக்குள் இந்தக் கூட்டுத்தொகை 20ஐ எட்டினால் அது ஸ்பாம். அதை நீக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஒன்பது குழுக்களுக்கு ஒரே செய்தியாக அனுப்பினால் √9 = 3. அதே ஒன்பது குழுக்களுக்குத் தனித்தனியே அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் √1 = 1; கூட்டுத்தொகை 9. மூன்று மடங்கு குற்றம்! தனித்தனியே அனுப்பினால் 20 குழுக்களிலேயே எல்லை வந்துவிடும். 1994இல் வந்த அந்த விளம்பரத்தின் மதிப்பு 5,000க்கு மேல். எல்லையைப் போல் 250 மடங்குக்கும் அதிகம்.

ஏன் வர்க்கமூலம்? குழுக்கள் கூடக் கூடத் தொல்லை கூடவே செய்கிறது. ஆனால் ஒரே பிரதியாக இருப்பதால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. இந்த நியாயத்தை √ என்ற ஒரு குறி அழகாகச் சொல்லிவிடுகிறது.

மறுமொழி எங்கே சேர வேண்டும்?

யூஸ்நெட்டின் நடைமுறையில் இன்னொரு பண்பும் இருந்தது. பல குழுக்களுக்கு எழுதுபவர், "இதற்கான மறுமொழிகள் இந்த ஒரு குழுவில் மட்டும் சேரட்டும்" என்று தலைப்பகுதியில் குறிக்கலாம். மறுமொழி எழுதுவோரின் கடிதம் தானாகவே அந்தக் குழுவுக்குச் செல்லும். அவ்வாறு குறித்ததைச் செய்தியின் உள்ளேயும் ஒரு வரியில் சொல்லிவிடுவது மரியாதை. பெரியவரின் "சாவடிக்கு வாங்க" என்ற வரிதான் இது!

மறுமொழிகள் ஓரிடத்தில் சேருவதில் என்ன நன்மை? மதுரையின் பெயர் தாங்கிய ஒரு முயற்சியையே எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கல் நாளில் "மதுரைத் திட்டம்" தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி அனைவருக்கும் இலவசமாகக் கொடுப்பது அதன் நோக்கம். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் கொடுத்தார்கள். யார் எந்த நூலைச் செய்கிறார் என்பது ஓரிடத்தில் தெரியாதிருந்தால், சிங்கப்பூரில் ஒருவரும் கனடாவில் ஒருவரும் ஒரே நூலைத் தட்டச்சு செய்து உழைப்பை வீணாக்கியிருக்கக்கூடும் அல்லவா? அழைப்பு எத்தனை திசைகளில் போனாலும் விடை ஓரிடத்தில் கூட வேண்டும்.

என் இரத்த வேண்டுகோளில் இதுதான் இல்லை. ஒன்பது குழுக்களில் ஒன்பது உரையாடல்கள் நடந்தன. ஒன்றில் "ஆள் கிடைத்துவிட்டார்." மற்றொன்றில் "நான் கிளம்பிவிட்டேன்." ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது.

ஐந்தின் அடுக்குகள்

யூஸ்நெட்டில் அடையாள எண் இருந்ததால் கணினியே இரட்டைப் பிரதியைத் தடுத்தது. இன்று நாம் கையாளும் வாட்ஸ்அப்பில் அந்த ஏற்பாடு இல்லை. ஒன்பது குழுக்களுக்கு அனுப்பினால் ஒன்பது தனிச் செய்திகளே. ஒரு குழுவில் நீங்கள் படித்ததை இன்னொரு குழு அறியாது. ஆகவே அன்று கணினி செய்த வேலையை இன்று நாமே செய்தாக வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் 5 பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு 5 பேருக்கு அனுப்புகிறார்கள் என்க. 5, 25, 125, 625... எட்டாவது படியில் 3,90,625. ஒன்பதாவது படியில் 19,53,125. மதுரை மாநகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 10 இலட்சம். ஒன்பதே படிகளில் ஊரையே தாண்டிவிட்டோம்! ஐந்துக்குப் பதில் இருபது பேருக்கு அனுப்பினால் ஐந்தாவது படியிலேயே 32 இலட்சம்.

யுரேனியம் பிளவுபடும்போது வெளிப்படும் நியூட்ரான்கள் மேலும் பிளவுகளை உண்டாக்கும் தொடர்வினையைப் படித்திருப்பீர்கள். அதே கணிதம்தான் இங்கும். ஒரு செய்தியைப் பெறுவோர் ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை பேருக்கு அதை அனுப்புகிறார்களோ அதைப் பெருக்கெண் எனலாம். பெருக்கெண் 1ஐ விட மிகுந்தால் செய்தி ஊதிப் பெருகும். 1ஐ விடக் குறைந்தால் தானே அடங்கும். பெருக்கெண் 0.9 எனில், முடிவிலாப் பெருக்குத்தொடரின் கூடுதல் 1/(1 − 0.9) = 10. அதாவது ஒருவரில் தொடங்கிய செய்தி சராசரியாகப் பத்துப் பேரோடு நின்றுவிடும். கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களில் நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகளை இறக்கித் தொடர்வினையை அடக்குவார்கள். செய்தியின் தொடர்வினையில் அந்தத் தண்டு யார்? அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளும் நீங்கள்தான்!

இதை ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. 2018ஆம் ஆண்டில் குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி நம் மாநிலத்தில் கைப்பேசிகள் வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தாரை ஒரு கும்பல் ஐயப்பட்டுத் தாக்கியதில், முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் வேறு பகுதிகளிலும் இவ்வாறு உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அக்கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினார்கள். அதன் பின் அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்தது என அந்நிறுவனமே அறிவித்தது. பெருக்கெண்ணைச் சற்றுக் குறைத்தாலே விளைவு எவ்வளவு பெரிது என்பதற்கு இது சான்று.

செவ்வாய் நிலவான கதை

பிரதிகள் பெருகும்போது இன்னொரு தீங்கும் நேரும். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய்க் கோள் பூமிக்கு சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் அருகே வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அதுவே மிக நெருங்கிய சந்திப்பு. அப்போது உலவிய மின்னஞ்சல் ஒன்று, 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் தெரியும் என்றது. இது சரியே. செவ்வாயின் கோண விட்டம் அன்று சுமார் 25 விநாடி. 25 × 75 = 1,875 விநாடி. நிலவின் கோண விட்டமும் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 1,800 விநாடி.

கை மாறி மாறிப் போனபோது "75 மடங்கு" என்ற பகுதி உதிர்ந்தது. ஆண்டு என்ற பகுதியும் உதிர்ந்தது. "ஆகஸ்ட் 27 அன்று வானில் இரண்டு நிலவுகள்" என்ற செய்தியாக அது பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. என்னிடமே மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் இருக்கும் பிழையைத் திருத்தலாம். ஆயிரம் இடங்களில் இருக்கும் பிழையை யார் திருத்துவது? நாம் அனுப்பிய செய்தியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அழிக்கலாம். பிறர் எடுத்து அனுப்பிய பிரதிகளை அழிக்க நம்மால் இயலாது.

மழைக்காலத்தில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வரும் செய்தியும் இப்படித்தான். எந்த மாவட்டம், எந்த ஆண்டு என்று பார்க்காமல் அனுப்பினால், போன ஆண்டு மழைக்கு இந்த ஆண்டு விடுமுறை எடுத்துத் தேர்வைத் தவறவிடுவீர்கள்!

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

பல குழுக்களுக்கு அனுப்புவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் அது தேவையே. அப்போது இந்த ஆறையும் நினைவில் கொள்ளுங்கள்.

1. யாரால் செயல்பட முடியும் என்று முதலில் எண்ணுங்கள். மதுரையில் தேவைப்படும் இரத்தத்துக்குத் துபாயில் உள்ள உறவினர் குழுவில் என்ன பயன்?

2. மிகப் பொருத்தமான ஒரு குழுவில் தொடங்குங்கள். போதாவிட்டால் அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரே ஆட்கள் நிறைந்த இரு குழுக்களில் ஒன்று போதும்.

3. நாள், நேரம், இடம், தேவையின் அளவு ஆகியவற்றை முழுமையாக எழுதுங்கள். "இன்று", "நாளை", "இங்கே" என்ற சொற்கள் பயணம் செய்யத் தகுந்தவை அல்ல.

4. வேறு எந்தக் குழுக்களில் இட்டிருக்கிறீர்கள் என்பதைச் செய்தியிலேயே சொல்லுங்கள். மூன்று குழுவில் இருப்பவர் ஒருமுறை படித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

5. மறுமொழி சேர வேண்டிய இடம் எது என்று ஒன்றைக் குறியுங்கள்.

6. காரியம் முடிந்ததும், இட்ட ஒவ்வொரு குழுவிலும் "முடிந்தது, நன்றி" என்று எழுதுங்கள். எத்தனை குழுக்களுக்குத் திரும்பச் சென்று முடித்துவைக்க உங்களால் இயலுமோ, அத்தனை குழுக்களுக்கு மட்டுமே அனுப்புங்கள்.

இந்த ஆறாவதுதான் எனக்கு மிகவும் பிந்திப் புரிந்தது. அந்த அம்மையாரின் நிகழ்ச்சிக்குப் பிறகு நான் இரத்த வேண்டுகோளை எழுதும் முறை மாறிவிட்டது. எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, எந்த நாள் எத்தனை மணிக்குள், எந்தெந்தக் குழுக்களில் இட்டுள்ளேன், அந்த நேரத்துக்குப் பிறகு இச்செய்தியை அனுப்ப வேண்டாம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். அதிகம் போனால் மூன்று குழுக்கள். ஆள் கிடைத்ததும் மூன்றிலும் சொல்லிவிடுகிறேன்.

இரத்தம் கொடுத்த ஆண் ஒருவர் மீண்டும் கொடுக்க 90 நாட்களும், பெண் ஒருவர் 120 நாட்களும் காத்திருக்க வேண்டும். இவ்வளவு அரிதான உதவியை வீண் அலைச்சலில் இழக்கக் கூடாது. உசிலம்பட்டியிலிருந்து வந்து திரும்பிய அந்த இளைஞர் அடுத்த அழைப்புக்கும் பேருந்து ஏற வேண்டும் அல்லவா?

செய்து பாருங்கள்

வகுப்பில் 30 மாணவர்கள் சேர்ந்து செய்யக்கூடிய சோதனை இது. நான்கு குழுக்கள் அமைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஏதேனும் இரண்டு குழுக்களில் உறுப்பினராக இருக்கட்டும். ஒரு மாணவர், ஒரு சிறு செய்தியைத் தாள் துண்டுகளில் எழுதி நான்கு குழுக்களின் உறுப்பினர் அனைவருக்கும் தரட்டும். ஒவ்வொருவரிடமும் எத்தனை துண்டுகள் சேர்ந்தன என்று எண்ணிப் பட்டியல் இடுங்கள். 30 பேருக்கு 60 துண்டுகள் செலவாகியிருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று மிகையாக இருக்கும். பின்னர் அதே செய்தியை, ஒரு தாளில் நான்கு குழுக்களின் பெயரையும் எழுதிக் கரும்பலகை அருகே ஒட்டுங்கள். இரண்டாவதாக, செய்தியில் ஒரு பிழையை வேண்டுமென்றே வைத்து, இரண்டு முறையிலும் அதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளவிடுங்கள்.

கிடைத்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கைப்பேசியில் "முன்னனுப்பு" என்ற அம்புக்குறியின் மேல் விரல் வைக்கும்போது அந்த எண்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.